நோட்டில் இருந்தவள்

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளின் முகம் ஒரு காலத்தில் எல்லார் சட்டைப்பையிலும் இருந்தது.

நோட்டு அச்சடிக்கும் அரசாங்க அச்சகத்தில் படம் வரைகிற ஒருவர் அந்தக் கடைக்குத் துணி போட வருவார். ஒருநாள் அவள் ஈர விரிப்பை உதறிக்கொண்டிருந்தபோது, "அப்படியே கொஞ்சம் நில்லுங்கம்மா" என்று கேட்டு, பென்சிலால் எதையோ வரைந்துகொண்டு போனார். அவள் அதை மறந்தே போனாள். புது நோட்டு வந்த அன்று, வாடிக்கையாளர் ஒருவர் நீட்டியதைத் திருப்பிப் பார்த்தாள். காற்றில் உப்பிய விரிப்பு, கலைந்த கூந்தல், தாடையில் அதே மச்சம். அவளேதான்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர்.

"சில்லறை குடுக்கவே மனசு வரல. உன்னை எப்படி யாரோ ஒருத்தர் கையில குடுக்கிறது? பஸ்ல இருந்தவங்க எல்லாம் சில்லறை கேட்டு சத்தம் போட்டாங்க" என்றார், வீட்டுக்கு வந்ததும்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குடுத்துட்டேன். வாங்கின ஆளு உன்னை எட்டா மடிச்சு காதுல சொருகிக்கிட்டாரு!"

அதிலிருந்து அவள் மனம் ஓரிடத்தில் தங்கவில்லை. இஸ்திரிப் பெட்டி ஆவி பறக்க நகரும்போது, எங்கோ ஒரு மணப்பெண்ணின் வியர்த்த கைக்குள் கசங்கிக்கொண்டிருப்பாள். மீன் வாடையோடு படகேறுவாள். கண்ணால் காணாத கடல் அவள் கழுத்துவரை வந்து திரும்பும்.

"நோட்டம்மா, எந்த ஊர்ல இருக்கே? காலர் கருகுது!" என்பார் முதலாளியம்மா.

பல வருடம் கழித்து அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளும் கெடுவும் தாண்டிய பிறகு, துவைத்த கோட்டு ஒன்றின் உள்பையில் நைந்துபோன ஒரு நோட்டு அகப்பட்டது. கோட்டுக்குச் சொந்தக்காரர் கையை விரித்தார். "அதை வச்சு ஒரு டீ கூட குடிக்க முடியாது. நீங்களே வச்சுக்குங்க."

மெல்லிய துணியை மேலே போட்டு, இளஞ்சூட்டில் பதமாகத் தேய்த்து எடுத்தாள். என்ன வாங்கலாம் என்ற நினைப்பே வராமல் அதைப் பார்த்தது அன்றுதான்.

கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "இனிமே நீ எனக்கு மட்டும்தான் செல்லுவ."

அவள் சிரிக்கவில்லை. "இது சுத்தின இடத்துக்கெல்லாம் நான் போகவே இல்லையேங்க."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் அவர், தெரியாதவர் போல.

"கடைசி ஸ்டாப்."

கடைசி ஸ்டாப் கடற்கரை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தண்ணீருக்குப் போனாள். முதல் அலையிலேயே புடவை முழங்கால்வரை நனைந்தது. வண்டி கிளம்பும் நேரம் வந்து அவர் விசில் ஊதியபோது, திரும்பாமலே கையசைத்தாள்.

"நீங்க போங்க! நான் அடுத்த டிரிப்ல வரேன்!"