இன்ஜினுக்குப் போட்ட சாம்பிராணி

அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கேட்டுவிட்டேன், இதில் மூன்றாவது ஆள் எங்கே உட்காருவது என்று. உட்கார முடியாதாம். மொத்தமே இரண்டு இருக்கை. மேலே மடக்கிவிடும் துணிக்கூரை. உடம்பு முழுக்க ஃபைபர். தட்டினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டிய சத்தம் வரும். ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே கொஞ்சமாகச் செய்து விற்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. குயிலாப்பாளையத்தில் ஒரு முந்திரித் தோப்பு ஓரமாக வருடக்கணக்கில் கிடந்ததை என் கணவர் எப்படியோ பார்த்துவிட்டார். ஒரு லீவில் வாங்கினார், அடுத்த லீவில் பிரித்தார், அதற்கடுத்த லீவில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். கோட்டக்குப்பத்தில் மற்ற வீட்டு ஆண்கள் துபாயிலிருந்து வந்தால் மாடி கட்டுவார்கள். இவர் எனக்குச் சக்களத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவருக்கு அங்கே வேலையே இதுதான். பணக்காரர்களின் கார் இன்ஜின்களை இன்னும் வேகமாக ஓடவைக்கும் பட்டறை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறார். எங்கள் மகள் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரி படிக்கிற வயதுக்கு வந்துவிட்டாள். அவர் இன்னும் லீவில்தான் வந்துகொண்டிருந்தார்.

போன லீவில் வந்த மறுநாள், டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த தபா இன்ஜின் வேலைய முடிச்சிட்டேன்னு வையி, நான் திரும்பிப் போவல. திண்டிவனத்துல ஹைவே ஓரமா ஒரு ஷெட்டு பாத்து வச்சிகீறேன். இந்த வண்டிய ஓட்டிக் காட்டினா போதும், கஸ்டமரு தானா வருவான்."

டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் காட்டினால் எங்கே பேச்சை மாற்றிவிடுவாரோ என்று பயம். அன்றிலிருந்து நான் அந்தக் காருக்கு வேலைக்காரியானேன்.

என்ன வேலை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர், ஆனால் காற்று உள்ளே போக ஒரே வாசல். நான்கும் அதில்தான் பங்கு போட்டு மூச்சு வாங்க வேண்டும். இவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல் வைக்கப் போகிறார். அதற்காகப் பெரிய பைக்கிலிருந்து கழற்றிய, காற்றைத் திறந்து மூடும் நான்கு த்ராட்டில் பாடிகளைத் துபாயிலிருந்தே பெட்டிக்குள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எனக்கு வாங்கிய சென்ட் பாட்டில்கூட அவற்றுக்கு நடுவில்தான் வந்தது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமாம். அதற்காக டேங்குக்குள் புதுப் பம்ப்பு, பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள். பழைய ரப்பர் குழாய்கள் இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி, தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டின. அத்தனையையும் மாற்றினார்.

த்ராட்டில் பாடிகளை இன்ஜினோடு சேர்க்க ஒரு அலுமினியத் தகடு வேண்டியிருந்தது. விழுப்புரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் கடையக் கொடுத்தோம். மகளைப் பார்க்கப் போன அன்று நானே அதை வாங்கி, அவளுக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்த முறுக்கோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். "இன்னாம்மா இது, இவ்ளோ கனம்?" என்று கண்டக்டர் கேட்டார். "கார் பார்ட்ஸு" என்று நான் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இன்ஜின் முதல் தடவை பற்றியபோது கொல்லையில் இருந்த கோழியெல்லாம் சிதறி ஓடியது. நான் கைதட்டினேன். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி நிதானமாக நிற்கவில்லை. சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், கடைசியில் இருமிவிட்டு அணைந்துபோகும். ஐடில் நிற்கவில்லை என்றார். சென்சாரை மாற்றினார். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பெட்ரோல் அளவைக் கூட்டினார், குறைத்தார். வாரங்கள் போயின. திரும்பிப் போகிற டிக்கெட்டை வரும்போதே போட்டிருந்தார். அந்தத் தேதி கிட்டே வந்துகொண்டிருந்தது.

"லேத்துக்காரன் சரியா கடையல போல" என்றார் ஒருநாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த விழுப்புரத்துக்காரருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பாவம், அவர் கடைசிவரை "தகடு கரீட்டா இருக்கும்மா, கரீட்டா இருக்கும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்கு வாசலும் ஒரே அளவாகக் காற்று இழுக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு வாசலுக்கும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். உஸ் என்ற சத்தம் நான்கிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அவருக்குப் பட்டறைச் சத்தத்திலேயே காது மங்கிவிட்டது. நான்தான் கேட்டுச் சொன்னேன். மூன்று ஒரே மாதிரி. நான்காவது மட்டும் மெலிந்து கேட்டது. "வேற எங்கேயோ காத்து இழுக்குதுங்க, இந்த வாசல் வழியா இல்ல" என்றேன். அவர் குழாயை வாங்கிச் சுருட்டி வைத்துவிட்டார்.

துபாய் பட்டறையில் இதற்குப் புகை விடும் மெஷின் இருக்கிறதாம். காற்று வரும் வழியெல்லாம் அடைத்துவிட்டு உள்ளே புகையைச் செலுத்தினால், ஓட்டை இருக்கிற இடத்தில் புகை எட்டிப்பார்க்கும். "அந்த மெஷினுக்கு இங்க எங்க போறது" என்று அலுத்துக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலமானால் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுகிறவளிடம் வந்து புகைக்கு வழியில்லை என்கிறார் மனுஷன்!

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அவர் வருவதற்குள் ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு ஓட்டை போட்டு வைத்தேன். ஒன்றில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பு, இன்னொன்றில் நீளமான குழாய். உள்ளே தணலும் சாம்பிராணியும். பார்த்ததும் கத்தினார். "பெட்ரோலு வண்டிகிட்ட நெருப்ப எடுத்தாரியா? உனக்கு இன்னா மூளை கீளை கலங்கிடுச்சா?" டேங்கையும் குழாய்களையும் காலி செய்து முந்தின நாளே வெளியே காயவைத்தவர் அவர்தான், அதை நினைவுபடுத்தினேன். டின்னைக் கொல்லைக் கோடியில் முருங்கை மரத்தடிக்குத் தள்ளி வைத்த பிறகுதான் அடங்கினார்.

நான்கு வாசலையும் டேப்பால் ஒட்டி, டின்னிலிருந்து வந்த குழாயின் முனையை இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் செருகினோம். நான் பம்ப்பை அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நான்காவது த்ராட்டில் பாடி தகட்டோடு சேரும் இடத்தில் நூல்போல வெள்ளைப் புகை வந்தது. கொல்லையே மணத்தது. நான் சந்தோஷத்தில் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நட்டை முறுக்கி முடித்தாலும் அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுவார்; கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டு ஃபேன் நட்டில்கூட அந்தக் கோடு இருக்கிறது. புகை வந்த இடத்து நட்டில் கோடு இல்லை. விரலால் தொட்டேன். சுற்றியது. கையால் திருகி விட்டதோடு சரி, அதற்கு ஸ்பேனரே போடவில்லை.

மறந்திருப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

"தெரிஞ்சேதான் வுட்டீங்களா?" என்றேன்.

அவர் வாசல்களில் ஒட்டியிருந்த டேப்பை உரிக்க ஆரம்பித்தார்.

"போறதுன்னா போங்க. நான் என்னிக்காவது கையப் புடிச்சி நிறுத்திகீறேனா? வண்டி மேல பழி போட்டுக்கினு போறீங்களே, அதான் எனக்கு ஆத்திரம். அந்த லேத்துக்காரரு இன்னா பாவம் பண்ணாரு?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு பயமா கீதும்மா. வேலைக்கு இல்ல. வேல எங்கேயும் செய்வேன். இந்த வூட்ல லீவுக்கு வந்தவனா இருக்கத்தான் எனக்குத் தெரியும். லீவு முடிஞ்சும் இங்கியே இருந்தா இன்னா பேசறது, எங்க உக்கார்றது, ஒண்ணும் தெரில. பாப்பாவும் நீயும் பேசிக்கிறப்போ பாதி எனக்குப் புரியவே மாட்டேங்குது."

ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போனபின் அழுது முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வருவதை, அது ஏன் என்று எனக்கே விளங்காததை, முதல்முதலாகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து, ஸ்பேனரை எடுத்தார்.

மறுநாள் எல்லாவற்றையும் மாட்டி, பெட்ரோல் ஊற்றி, வண்டியை எடுத்தோம். கிளியனூர் வழியாகத் திண்டிவனம்வரை போனோம். சிக்னலில் நின்றபோது இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஷெட்டையும் தெருவிலிருந்தபடியே பார்த்தோம். காற்றில் என் முக்காடு நிற்கவே இல்லை, அதுதான் ஒரே பேஜாரு.

டிக்கெட் தேதிக்கு முதல் நாள் காலையில் வாடகைக் கார் டிரைவர் போன் செய்தார். "அண்ணே, ஏர்போர்ட்டுக்கு எத்தினி மணிக்கு வரட்டும்?" என்ற குரல் எனக்கே கேட்டது. என் கணவர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சொல்லட்டும்?"

இத்தனை வருடத்தில் போகிற நாளை அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார், கேட்டதில்லை.

"வேற சவாரி பாத்துக்க சொல்லுங்க" என்றேன்.

அப்படியே சொன்னார். போனை வைத்துவிட்டு அறைக்குள் போனார். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். கையில் மடித்த சட்டைகளோடு நின்றுகொண்டிருந்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை என் புடவைகள், மகளின் துணிகள்.

"இத எங்க வக்கிறது?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் துணிகள் பெட்டியிலேயே இருந்திருக்கின்றன. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. நடுத்தட்டிலிருந்த புடவைகளை அள்ளிக் கட்டிலில் போட்டேன்.