ரசத்தோடு மலை ஏறிய ஃபோர் வீல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பை நிறுத்தியவள். பினாங்கில், ஜெலுத்தோங்கில் கார் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கவுண்டரில் இருக்கிறேன். ஸ்பேனர் பிடிப்பது என் வேலை இல்லை. பில் போடுவது, சாமான் ஆர்டர் பண்ணுவது, வாடிக்கையாளரிடம் என்ன கோளாறு என்று சொல்வது, இவ்வளவுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். இப்படிப்பட்டவள் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், ரொம்ப ஓடிய வண்டியை ரிப்பேர் பண்ணச் சொல்வதா, விட்டுவிடச் சொல்வதா, எப்படி முடிவெடுப்பது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

1. கவுண்டரில்

சுங்கை பினாங்கில் பத்மா அக்கா என்று ஒருவர் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுப்பவர். அண்டாக்களை ஏற்றிப்போக ஒரு ஃபோர் வீல், ஜீப் மாதிரி பெரிய வண்டி, வைத்திருந்தார். ஜப்பானில் யாரோ ஓட்டி, இங்கே ரீகண்டிஷனாக வந்து, நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. கதவைத் திறந்தால் சாம்பார் வாசனை அடிக்கும். மேடு கண்டால் சூடேறி நின்றுவிடும்.

அவர் வீட்டுக்காரர் குமாரசாமி அண்ணன், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"விட்டுத் தொலைக்கச் சொல்லு சாந்தி. சின்ன காரா ஒன்னு வாங்கிக்கிட்டு நாங்க நிம்மதியா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ட்டு வருவோம்" என்றார் அண்ணன்.

"சின்ன கார்ல என் அண்டாவை எங்க வைக்கிறதாம்? இவரு மடியிலயா? இந்த வண்டி போனா என் தொழிலும் போச்சு சாந்தி. அதுக்குத்தான் இவரு காத்துக்கிட்டிருக்காரு."

"ஆமா, காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முட்டி வலின்னு ராத்திரியெல்லாம் முனகுறது யாரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கால்குலேட்டரைப் பார்த்தேன்.

எங்கள் முதலாளி தேவா அண்ணன்தான் வந்து காப்பாற்றினார். "ரேடியேட்டர், வாட்டர் பம்ப் மாத்தி விடுறேன். அப்புறம் லோடு ஏத்தி மலை ஏறிப் பார்ப்போம். தாங்குச்சுன்னா ரிப்பேர் பண்ணி ஓட்டலாம். அப்பவும் சூடேறி நின்னுச்சுன்னா என்ஜின் வெந்துபோச்சுன்னு அர்த்தம். விட்டுடலாம். சரியா?"

லோடு என்றால் எங்கள் கடையில் மணல் மூட்டை. அக்கா விடவில்லை.

"மணல் எதுக்கு தம்பி? சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவ்ல ஒரு காதுகுத்து இருக்கு. எம்பது பேருக்குச் சாப்பாடு. அதையே ஏத்திக்கலாம் லா."

"நடுவழியில நின்னுட்டா அக்கா?"

"நின்ன எடத்துல கடை போட்டுடுறேன்."

2. மலையில்

சனிக்கிழமை தேவா அண்ணன் ஓட்டினார். குமாரசாமி அண்ணன் முன் சீட்டில். பின்னால் நானும் அக்காவும். எங்கள் முதுகுக்குப் பின்னால் சோறு, சாம்பார், ரசம், பாயசம், எல்லாம் துணியால் வாய் கட்டின அண்டாக்களில். என்ஜின் சூட்டைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டி என் கையில் கொடுத்திருந்தார்கள். அதில் தெரியும் டெம்பரேச்சரை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். நூற்றுப் பத்து வந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றேன்.

"என்னா? எறும்பு பேசுற மாதிரி இருக்கு. கத்துமா!" என்றார் தேவா அண்ணன்.

மேடு தொடங்கியதும் குமாரசாமி அண்ணன் குளிர்காற்று வர ஏர்கோனை முழுசாகத் திருகினார்.

"என்னங்க பண்றீங்க?"

"வியர்க்குது."

"காலையிலேர்ந்து வியர்க்கல, மலையில வந்து வியர்க்குதாக்கும்! தம்பி, ஏர்கோன் போட்டா என்ஜின் சூடேறும்னு தெரிஞ்சே இவரு வண்டியைக் கொல்லப் பார்க்குறாரு!" அக்கா எட்டி ஏர்கோனை அடைத்தார். அண்ணன் மறுபடி திறந்தார். அக்கா கரண்டியால் அவர் கையில் ஒன்று வைத்தார். தேவா அண்ணனுக்குச் சிரிப்பு வந்து வண்டி கொஞ்சம் ஆடியது. ரசம் தளும்பி என் கழுத்தில் தெறித்தது.

"தொண்ணூத்தொம்போது! நூத்தி ரெண்டு!" நான் கத்தினேன். "நூத்தி அஞ்சு!"

ஏர்கோனை அடைத்தும் இறங்கவில்லை. வளைவுக்கு வளைவு ஏறியது. நூற்று ஏழில் தேவா அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "அண்ணே, ஹீட்டரை முழுசா திறங்க. என்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்கும். அது ஒன்னுதான் வழி."

ரீகண்டிஷன் வண்டி என்பதால் அதில் ஹீட்டர் இருந்தது. பினாங்கில் யாரும் தொடாத குமிழ். அது குமாரசாமி அண்ணன் முழங்காலுக்கு நேரே இருந்தது. அவர் கை அதன் மேல் போய் நின்றது. சும்மா இருந்தாலே போதும், வண்டி நின்றுவிடும். அவர் கேட்டது கிடைத்துவிடும்.

"நூத்தி எட்டு!"

அக்கா இந்தத் தடவை திட்டவில்லை. "எம்பது பேருங்க" என்றார், அவ்வளவுதான்.

அண்ணன் குமிழைத் திருகினார். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. சன்னல்களை எல்லாம் இறக்கினோம். சட்டை, சேலை எல்லாம் நனைந்து, ரச வாசனையில் மூச்சு முட்டி, "நூத்தி ஏழு! நூத்தி நாலு!" என்று நான் கத்த, அவர்கள் மூன்று பேரும் திருப்பிக் கத்தினார்கள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்களைத் தாண்டும்போது பயந்து பார்த்தார். "நூறு!" என்றதும் அக்கா சிரித்த சிரிப்பில் அண்ணனுக்கும் தொற்றி, மலை உச்சியைத் தாண்டியது கூடத் தெரியவில்லை. நான் அவ்வளவு சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

3. காதுகுத்து வீட்டில்

சாப்பாடு சுடச்சுடப் போய்ச் சேர்ந்தது. தேவா அண்ணன் போனட்டைத் தட்டினார். "என்ஜின் சிங்கம் லா அக்கா! சூடேறினாலும் நிக்கல, இனி சில்லறை வேலைதான். ரிப்பேர் பண்ணிடுவோம்."

"பண்ணிடுங்க" என்றார் குமாரசாமி அண்ணன். நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "என்ன பார்க்குறீங்க? இவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு."

எல்லாருக்கும் சந்தோஷம். கடைசி அண்டாவை இறக்கும்போது வண்டியின் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ விழுந்தது. அண்டாவின் கரியோ என்று குனிந்தேன். துருவை மறைக்க யாரோ எப்போதோ அடித்த தார் பெயின்ட், தகடாக உரிந்து கிடந்தது. அது இருந்த இடத்தில், பின்சக்கரத்துப் பக்கம், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு.

"அண்ணே" என்றேன். மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தேவா அண்ணன் கையில் வடை. "அக்கா, சேசிஸ்" என்றேன். "முதல்ல சாப்பிடு சாந்தி" என்றார் அக்கா, கன்னம் எல்லாம் சிரிப்பாக.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. நாளைக்குக் கடையில் தேவா அண்ணனிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் திரும்பிப் போவதும் அதே மலை, அதே வளைவுகள், அதே நாலு பேர்.

மலையில் நம்பர் கத்தின அதே குரலில் கத்தினேன். "அண்ணே! சேசிஸ் பிளந்திருக்கு!"

மேளம் நின்றது. காது குத்த வந்த ஆசாரி ஊசியோடு என்னைப் பார்த்தார். ஊசி கிட்டே வருவதற்கு முன்பே பிள்ளை அழ ஆரம்பித்தது.

தேவா அண்ணன் அடியில் படுத்து ஸ்க்ரூட்ரைவரால் குத்தினார். ரொட்டியில் இறங்குவது போல் இறங்கியது. வெளியே வந்தவருக்கு அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கடையில ஹோய்ஸ்ட்ல வண்டியைத் தூக்கி அடியில பார்த்தேன், பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கல" என்றார். பிறகு, "நீயே சொல்லு சாந்தி" என்றார்.

"அக்கா, என்ஜின் போனா வேற போடலாம். கியர்பாக்ஸ் போனா ஹாப்கட் கடையில பழைய வண்டியிலேர்ந்து கழட்டினதை வாங்கலாம். இது வண்டியோட முதுகெலும்பு. இந்த அளவுக்கு அரிச்சிருந்தா வெல்டிங் பிடிக்காது. இனி இதுல நீங்க ஏறக்கூடாது. நான் விடமாட்டேன்."

அக்கா பின்கதவில் கை வைத்தபடி நின்றார். "அப்ப என் சமையல்?"

குமாரசாமி அண்ணன் வந்து அண்டாக்களைப் பார்த்தார். "வேன் வாங்கினா என்ன? அண்டாவுக்கு எதுக்கு சீட்டு?"

"என் முட்டி வலி?"

"தூக்குறதுக்கு நான் இருக்கேன்ல."

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். காலி அண்டாக்களை ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு. "கெண்டூரி எங்கே?" என்று மலாயில், விருந்து எங்கே எனக் கேட்டார் டிரைவர். "முடிஞ்சிருச்சு, நீங்க லேட்" என்றார் அக்கா. ஒவ்வொரு வளைவிலும் நாலு அண்டாவும் முட்டிக்கொண்டு மணி அடித்தன. தேவா அண்ணன் என்னைப் பார்த்து "நம்பர் சொல்லுமா" என்றார். மறுபடி சிரிப்பு.

நான் கற்றுக்கொண்டது இதுதான். வண்டியை வைத்துக்கொள்வதா விடுவதா என்று யாராவது கேட்டால், போனட்டைத் திறப்பதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள். கறுப்பு பெயின்ட்டை நம்பாதீர்கள், சுரண்டுங்கள். சேசிஸ் நல்லதாக இருந்தால் மட்டும் மற்றதைப் பேசுங்கள். கெட்ட செய்தி இருந்தால் வாடிக்கையாளர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மறுநாள் லாரி போய் வண்டியை ஏற்றி வந்தது. அக்காவும் அண்ணனும் வேன் பார்க்கப் போனார்கள். கத்திக் கத்தி எனக்குக் குரலே எழும்பாததால் அன்று பில்லை மட்டும் நீட்டினேன்.