கிரேனின் கால் இறங்கிய வளவு

வட்டக்கச்சியில் ஒரு வீட்டுக்கு மேலே கவிந்தபடி பழைய புளியமரம் ஒன்று நின்றது. கடந்த மாரிப் புயலில் அது நடுக்கவரில் பிளந்து, ஒரு பாதி கூரைப் பக்கம் சரிந்துவிட்டது. சரிந்த பாதியைக் கிரேனில் கட்டி, துண்டு துண்டாக அறுத்து இறக்க நாங்கள் போனோம். கீழே நின்று கிரேன்காரருக்குக் கைச்சைகை காட்டுவது என் வேலை. மேலே ஏறி அறுப்பவர், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தவர். என்னோடு பல வருடம் வேலை செய்கிறவர்.

அந்த வீட்டில் ஒரு அம்மா தனியாக இருந்தா. அவவை முதலில் அயல்வீட்டுக்கு அனுப்பினோம். வீட்டைச் சுற்றியுள்ள வளவில் மலக்குழி எங்கே, மூடிய கிணறு ஏதும் உண்டா என்று கேட்டேன். மலக்குழியைக் காட்டினா, வேறு ஒன்றும் இல்லை என்றா. கிரேன் நிற்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதை நிலத்தில் ஊன்றும் நாலு கால்களையும் விரித்து, அடியில் பலகை வைத்தோம்.

அறுப்பவர் நல்ல பாதியில் ஏறித் தன்னைக் கட்டிக்கொண்டு, பிளந்த கிளைக்குக் கிரேனின் பெல்ட்டைப் போட்டார். கிரேன் மெல்ல இழுத்துப் பாரத்தைப் பிடித்தது. அவர் இயந்திர வாளை இயக்கப் போகையில், பின்கால் ஒன்றின் பலகை ஒருபக்கம் சரிவதைக் கண்டேன். ஒரு சாண் இறங்கிவிட்டது. கையை நீட்டி நிறுத்தச் சொன்னேன். பெல்ட்டைத் தளர்த்தி, கழற்றி, அவரை இறக்கினோம்.

மண்வெட்டியால் கிளறியபோது உள்ளேயிருந்து உக்கிய பனங்குற்றியும் மண்மூட்டைச் சாக்கும் வந்தன. வேலியடியில் நின்ற அம்மாவின் முகம் மாறியது.

"அதில சண்டை நேரம் செல்லடிக்குப் பதுங்க வெட்டின பங்கர் கிடந்தது தம்பி. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த நேரம் நான்தான் மூடினனான்," என்றா.

காலுக்கு அடியில் வைக்க, மாங்குளத்தில் தண்டவாளத்துத் தடித்த சிலிப்பர் கட்டைகள் எடுக்கலாம் என்று கிரேன்காரர் சொன்னார். லொறியை அனுப்பினோம். இருட்டுக்கு முன் ஒரு துண்டையாவது தூக்கிவிடுங்கோ என்று அம்மா கெஞ்சினா. நான் ஏலாது என்றேன். பின்னேரம் காற்று எழும்பியது. லொறி வருவதற்கு முன்பே பிளந்த பாதி முழுதாக முறிந்து கூரைமேல் விழுந்தது. கூரை ஓடுகளும் சுவரும் ஒன்றாக உள்ளே போயின. சண்டைக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அது.

தூசி அடங்கியது. பிறகு அவ என்னிடம் வந்தா.

"நீங்கள் அப்பவே தூக்கியிருந்தா வீடு மிஞ்சியிருக்கும்."

அதற்கு அறுப்பவர்தான் மறுமொழி சொன்னார்.

"தூக்கியிருந்தா கிரேன் என் மேலதாம்மா சாஞ்சிருக்கும்."

அவ அவரை ஒருக்காப் பார்த்தா. பங்கர் இருந்த இடத்துக்குப் போய் அதனருகே குந்தினா.

மறுநாள் விழுந்த பாதியைக் கிடந்த இடத்திலேயே அறுத்து அகற்றினோம். குசினிச் சாமான்கள் கொஞ்சமும் ஒரு கதிரையும்தான் முழுதாகக் கிடைத்தன.

இப்போது எந்த வளவுக்குப் போனாலும் பங்கர் எங்கே கிடந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் உடனே காட்டுவார்கள். சிலர் வேலிப்பக்கம் திரும்பிவிடுவார்கள். நிறுத்தியது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அம்மா இப்போதும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறா. வட்டக்கச்சிப் பக்கம் வேலை வந்தால், அவவின் வீட்டு ஒழுங்கை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன்.