செருப்பு நனையாத உயரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். ஜீப்பில் நானும் என் மனைவி செல்வியும் மட்டும். போக வேண்டிய இடங்கள் இரண்டு. தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு டயர்க் கடை, திருப்பரங்குன்றத்தில் ஸ்பிரிங் பட்டை அடிக்கும் ஒரு பட்டறை. மொத்தச் சுற்று நாற்பது கிலோமீட்டர்கூட வராது. இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள், வண்டியை உயர்த்தியே தீருவேன் என்று கிளம்பிவிட்ட ஆளுக்குப் பக்கத்தில் நாற்பது கிலோமீட்டர் உட்கார்ந்து பார்க்கட்டும். செல்வி உட்கார்ந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ராணுவ ஏலத்தில் கைமாறி வந்த பெட்ரோல் ஜீப் என்னுடையது. காலையில் செல்வியைக் கருங்காலிப்பட்டிப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, பகல் முழுக்க டவுனுக்குள் தீவன மூட்டை ஏற்றி ஓட்டுவேன். பள்ளி எங்கள் வீட்டிலிருந்து மேற்கே பதினாறு கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் மண் பாதை, அதன் நடுவில் ஒரு ஓடை. பள்ளியில் இரண்டே அறைகள், டீச்சர் இவள் ஒருத்திதான். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய இடது கால் சூம்பிப் போனது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பாள். ஜீப்பில் ஏற வீட்டு வாசலில் ஒரு கல், பள்ளி வாசலில் ஒரு கல் போட்டு வைத்திருந்தோம்.

போன மழையில் ஓடையின் நடுவில் ஜீப் நின்றுபோனது. நடு ஓடையில் ஏது கல்? அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியகருப்பன் இறங்கி வந்து, செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் இறக்கிவிட்டார். நல்ல மனுஷன், நல்ல எண்ணம். ஆனால் அன்று சாயங்காலம் செல்வி சோறு தின்னவில்லை.

"இன்னொரு வாட்டி ஒருத்தர் தோள்ல நான் போனேன்னா, மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்துருவேன். டவுன்ல எங்கயாச்சும் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி" என்றாள். சொன்னால் செய்கிறவள். அவள் போனால் அந்தப் பள்ளிக்கு இன்னொரு டீச்சர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மழைக்காலத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வண்டி குட்டையாக இருந்ததால்தான் நின்றது என்று முடிவு கட்டி, அதை உயர்த்தக் கிளம்பினேன்.

காளவாசல் தாண்டி ஒரு கடையில், வண்டியில் உட்கார்ந்தபடியே டீ குடித்தோம். டீக்கடைக்காரர் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "ஓடையில நின்ன வண்டி இதுதானாண்ணே? எம்புட்டுத் தண்ணி?" என்றார். சேதி அங்குவரை வந்திருந்தது.

"இடுப்புக்கு மேல" என்றேன்.

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பக்கம் தண்ணீரை அடி, அங்குலத்தில் சொல்லுகிற வழக்கம் கிடையாது. கரண்டை, முழங்கால், இடுப்பு, கழுத்து, இவ்வளவுதான் அளவு. யார் கரண்டை, யார் இடுப்பு என்று யாரும் கேட்பதில்லை. சொல்லுகிறவன் வாய்க்கு ஏற்றபடி, ஒவ்வொரு டீக்கடை தாண்டும்போதும் தண்ணீர் ஒரு சாண் ஏறும்.

ஏழரை மணிக்குத் தெப்பக்குளம். கரையில் பல் துலக்குகிறவர்களும் மாடு ஓட்டுகிறவர்களும்தான் இருந்தார்கள். டயர்க் கடை காதர் பாய் அப்போதுதான் கதவுப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, வாய் நிறைய வெற்றிலை. ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இப்ப போட்டிருக்கிறது ஆறு–பதினாறு, ஆறு அங்குலப் பருமன், பதினாறு அங்குல வளையம். இது தார் ரோட்டுக்குச் சரி. இடுப்புத் தண்ணிக்கு ஏழரை–பதினாறு போடுங்க. கீழ பட்டையையும் ஏத்திட்டா வண்டி யானை கணக்கா நிக்கும், மாஷா அல்லா!"

பழைய டயர், தேயாத கட்டை உள்ளது, ஒன்று இருநூற்று எண்பது ரூபாய் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அவர் ஒரு டயரை உருட்டி வந்து சுவரில் சாய்த்து நிறுத்தினார். என் இடுப்பை நெருங்கும் உயரம் இருந்தது. பெரிய மிருகம் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்த மாதிரி அதைத் தடவிக்கொண்டே நின்றேன். அதற்குள் காதர் பாய் ஜாக்கி வைத்து முன்பக்கம் இரண்டையும் மாட்டி, "ஓட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா கழட்டிக்கலாம்" என்றுவிட்டார்.

குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனேன். உயரம் என்னவோ ஜோர்தான். ஆனால் முனை திரும்பும்போதெல்லாம் டயர் பட்டையில் உரசி 'கர்ர்' என்றது. ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள்பட்டை கழன்றது. பிரேக் மிதித்தால் வண்டி யோசித்துவிட்டு நின்றது. தினமும் டவுனுக்குள் மூட்டையோடு ஓட்டுகிற வண்டி ஆயிற்றே என்று முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது செல்வி கடை வாசல் படிக்கல்லில் நின்றிருந்தாள். எங்கள் வீட்டுக் கல்லின் உயரம்தான் அதுவும். ஜீப்பின் தளத்தை ஒரு தடவை பார்த்தாள். வலது காலைத் தூக்கினாள். எட்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கினாள். காதர் பாய் பதறி, "இருங்கம்மா, நான் ஒரு கை..." என்று முன்னால் வந்தார்.

"வேணாம் பாய்" என்று காலைக் கீழே வைத்தாள். பிறகு என்னிடம், "ஓடைக்கு வண்டி வாங்குனீங்களா, எனக்கு வாங்குனீங்களா?" என்றாள். குரல் உயரவேயில்லை. எனக்கு முகம் சுண்டிப்போனது. காதர் பாய் ஜாக்கியை எடுத்து வந்தார். பழைய டயர்களே திரும்ப ஏறின. செல்வி அதே படிக்கல்லிலிருந்து ஏறிக்கொண்டாள்.

பத்து மணிக்குத் திருப்பரங்குன்றம் போய்ச் சேர்ந்தோம். முகூர்த்த நாள். கோயில் பக்கம் மூன்று கல்யாணக் கூட்டம் ஒரே நேரத்தில் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. மலைக்குப் பின்புறம் சுற்றிப் போய்த்தான் பட்டறையைப் பிடிக்க முடிந்தது. பட்டறைக்காரர் மாயாண்டிக்கு என் வயதுதான் இருக்கும். நெருப்பிலிருந்து பட்டையை இழுத்துத் தொட்டியில் முக்கிவிட்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பளவுத் தண்ணீர் என்றும் சொன்னேன்.

"யாரு இடுப்பு?"

எனக்கு விளங்கவில்லை.

"யாரு இடுப்புண்ணே? உங்களுதா, உங்க ஆட்டுக்காரருதா? நான் இரும்ப வளைக்கிறவன். எனக்கு அங்குலம் வேணும்."

அப்போது செல்வி சொன்னாள்: "அன்னைக்கு வண்டிக்குள்ள என் செருப்புகூட நனையலைங்க."

மாயாண்டி சிரித்தே விட்டார். "கெட்டுச்சு போ! அப்படின்னா தண்ணி தளத்துக்கும் கீழதான?" என்று டேப்பை எடுத்துத் தரையிலிருந்து தளத்தை அளந்தார். பதினெட்டு அங்குலம். "பதினெட்டுக்குள்ள இருந்த தண்ணிய இடுப்புல கொண்டாந்து நிறுத்திட்டீகளே!"

அசடு வழிய நின்றேன். இத்தனை நாள் டீக்கடை டீக்கடையாக நான் ஏற்றிய தண்ணீரை அவள் ஒரு செருப்பை வைத்து வடித்துவிட்டாள். "பிறகு ஏன் வண்டி நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"எம்புட்டு வேகத்துல இறங்குனீக?"

"நிக்காமப் போயிரணும்னு ஒரே அமுக்கா அமுக்கினேன்."

"அதான். முன்னால தண்ணி எழும்பி வந்து எஞ்சின் ஃபேன்ல பட்டுருக்கு. ஃபேன் அதை அள்ளி, பிளக்குக்குக் கரண்ட் பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல அடிச்சிருக்கு. எஞ்சின் அணைஞ்சிருச்சு. வண்டி குட்டைன்னு நிக்கலண்ணே, நீங்க குளிப்பாட்டுனதுல நின்னுச்சு."

பிறகு அவர் செல்வியிடம், "டீச்சர், யார் கையையும் பிடிக்காம எம்புட்டு ஒசரத்துக்குக் கால் வைப்பீக?" என்று கேட்டார். அவளிடம் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. நானும்தான். அவள் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை உயர்த்தி, பாதத்துக்கு நேராக ஒரு கோடு போட்டாள். மாயாண்டி அளந்தார். பத்து அங்குலம்.

அன்றைய கணக்கு முழுவதும் அந்தக் கோட்டிலிருந்துதான் பிறந்தது. பத்தில் ஒரு படி, அதிலிருந்து பத்தில் தளம். ஆக, தளம் இருபது அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் இரண்டு படி வேண்டும், கீழ்ப்படி ஓடைக் கல்லில் இடித்துப் பிய்த்துக்கொண்டு போகும். மூட்டை ஏற்றி ஏற்றித் தொய்ந்த பட்டையை வளைவு திருத்தி, உடைந்திருந்த ஒன்றை மாற்றினால் ஒரு அங்குலம் கிடைக்கும். ஏழரை வேண்டாம், ஏழு–பதினாறு டயர் போட்டால் இன்னொரு அங்குலம். பட்டையை ஏற்றினால் தளம்தான் உயரும், அடியில் தொங்குகிற அச்சோ, டயர் பெரிதானால்தான் உயரும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன்!

சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்தது. பட்டை, படி, கைப்பிடிக் கம்பி எல்லாம் சேர்த்து நூற்று அறுபது ரூபாய். மாயாண்டி ஆள் விட்டுச் சொல்ல, காதர் பாய் ஏழு–பதினாறு டயர்களை ரிக்‌ஷாவில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு பழைய டியூப் துண்டும் இருந்தது. அந்த மூடியைச் சுற்றிக் கட்ட மாயாண்டி கேட்டு வாங்கியது. செல்வி படியில் வலது காலை வைத்தாள், கம்பியைப் பிடித்தாள், ஏறினாள், இடது காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். பட்டறையில் யாரும் உதவிக்கு வரவில்லை. மாயாண்டி வேண்டுமென்றே முதுகைக் காட்டி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. ராத்திரியெல்லாம் மழை. காலை எட்டரைக்கு ஓடைக்கரையில் ஜீப்பை நிறுத்தினேன். செங்காவித் தண்ணீர் சுழித்துப் போனது. அக்கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பெரியகருப்பன் வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக இருந்தார். நான் அளவு குறித்த கம்போடு இறங்கி நடந்து பார்த்தேன். ஆழமான இடத்தில் பதினேழு அங்குலம். மாயாண்டி சொன்னபடி, ஃபேன் சுற்றித் தண்ணீரை அள்ளாதபடி அதன் பெல்ட்டைக் கழற்றினேன், மூடியைச் சுற்றி டியூப்பைக் கட்டினேன், முதல் கியரில் மெதுவாக இறங்கினேன்.

நடு ஓடை வந்தது. செல்வி கம்பியைப் பிடித்தபடி தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் முனகியது, நிற்கவில்லை. அக்கரை ஏறியதும் அவள் தானாகப் படியில் கால் வைத்து இறங்கினாள்.

"டீச்சர், நான் சும்மாதேன் நின்னேனா?" என்றார் பெரியகருப்பன்.

"சும்மாதாண்ணே. போய் ஆட்டைப் பாருங்க" என்று சிரித்துவிட்டுப் பிள்ளைகளோடு நடந்தாள்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு டவுனுக்குத் திரும்பினேன். காளவாசல் டீக்கடைக்காரர் சேறு படிந்த டயரைப் பார்த்துவிட்டார். "ஓடையா வந்தீக? எம்புட்டுத் தண்ணிண்ணே?"

இடுப்பு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"டீச்சர் செருப்பு நனையல" என்றேன்.