பின்சீட்டில் கட்டிய பை

பரீட்சை நடக்கும் அறையில் மேற்பார்வைக்கு நிற்கும்போது நான் வண்டி ஓட்டுவேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து கணக்குப் போடுவார்கள். மின்விசிறி ஓடும். நான் ஜன்னலோரம் நின்றபடியே மரக்காணத்தைத் தாண்டிவிடுவேன். இரண்டு பக்கமும் உப்பளம், நடுவே சாலை, அதில் என்னைத் தவிர யாரும் இல்லை. விடிந்தும் விடியாத ஒரு வெளிச்சம். அது அப்படியே நிற்கும், வெயிலாக மாறாது. அந்தச் சாலையில் வேகத்தடை கிடையாது, குழி கிடையாது, எதிரே ஒற்றை விளக்கோடு வரும் டிராக்டர் கிடையாது. "மிஸ், எக்ஸ்ட்ரா ஷீட்" என்று யாராவது கேட்டால் எரிச்சலோடு திரும்பி வருவேன்.

வண்டி இருபது வருடத்துக்கு முன் என் கணவர் வாங்கியது. முந்நூற்றைம்பது சிசி, கனமான வண்டி. அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் தெரியும். இடமும் வலமும் இருட்டு. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். பிறகு அதைத் தொடவே இல்லை. எட்டு மாதம் வண்டி எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் உறை போட்டு நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உறையை உருவிப் போட்டுவிட்டு, செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பழகினேன். ஸ்கூட்டர் பல வருடம் ஓட்டியவள்தான். ஆனாலும் இரண்டு முறை விழுந்தேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு.

"டீச்சர், இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று மாடி வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கேட்டார்.

"நீங்க இந்த வயசுல காலையிலேருந்து பால்கனில நிக்கிறீங்க. நான் ஏதாவது கேட்டேனா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

கோடியக்கரைக்கு இந்த வண்டியில் போக வேண்டும் என்பது எங்கள் இருவரின் பழைய ஆசை. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வரும். ஒவ்வொரு வருடமும் திட்டம் போடுவோம், ஒவ்வொரு வருடமும் ஏதாவது வரும். வெள்ளம் வரும், அவர் ஆபீஸில் தணிக்கை வரும், யாருக்காவது கல்யாணம் வரும். இந்த வருடம் சாப்பிடும்போது சொன்னேன். "பொங்கல் லீவுக்குக் கோடியக்கரை போறேன்."

"போயிட்டு வா" என்றார்.

அவ்வளவுதான். நானும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் வாங்க என்று நான் சொல்லவில்லை. ஓட்டுவதை விட்ட நாளிலிருந்து அவர் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. ஸ்டேஷனில் இறக்கிவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். ஷேர் ஆட்டோ இருக்கிறது என்றார். பெண்டாட்டி ஓட்டப் பின்னால் உட்காருவது கௌரவக் குறைச்சலாக இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பூநாரை அவர் கண்ணுக்குத் தெரியும் வருடங்கள் இன்னும் எத்தனை மிச்சம் என்று டாக்டரும் சொல்லவில்லை. இந்த வருடம் அவர் வந்தாக வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வரும் வாய்.

பை வாங்க ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஒரு கடைக்குப் போனேன். ஹெல்மெட்டும் கையுறையும் வண்டிப் பைகளும் விற்கிற கடை. நரைத்த தாடியோடு முதலாளி கல்லாவில் இருந்தார்.

"வாங்கக்கா. சாருக்கு இன்னா வண்டி?"

"வண்டி எனக்கு. சாருக்கு ஒண்ணும் வேணாம்."

அவர் வெளியே எட்டி வண்டியைப் பார்த்தார். என் சேலையையும் அதற்கடியில் போட்டிருந்த பேன்ட்டையும் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். "கெத்துதான்க்கா" என்றார். "ரெண்டு மாதிரி கீது. ஒண்ணு, குதிரைக்குப் போடுவாங்களே, அதாட்டம் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்கும். இன்னொண்ணு, பின்சீட்டு மேலயே உக்காரும், பெல்ட் போட்டு கட்டிக்கணும். பின்னாடி ஆள் உக்காருவாங்களா, மாட்டாங்களா? அத்த சொல்லுங்க மொதல்ல. அத்த வெச்சுதான் பையி."

புது ரெக்சின் வாசனை தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. தொங்குகிற ஜோடிப் பையை மேலே மாட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பை வண்டியில் ஏறியது, வண்டி உப்பளத்துக்குள் போனது, சேலை படபடத்தது. அப்போது ஒன்று உறுத்தியது.

"இடது பக்கம் இவ்வளவு பெரிய பை தொங்கினா காலை எங்க வைக்கிறது? ரெண்டு காலும் அந்தப் பக்கம்தானே வரும்?"

"யாரு காலு?"

"என் காலு."

அவர் வாசலில் நின்ற வண்டியைக் கைகாட்டினார். "அக்கா, நீங்க முன்னாடி இல்ல உக்காரப் போறீங்க?"

இருபது வருடம் சேலையோடு இடது பக்கம் இரண்டு காலையும் தொங்கவிட்டு, ஒருபக்கமாக உட்கார்ந்தே போனவள் நான். வண்டி பழகினேன், லைசென்ஸ் எடுத்தேன், பால்கனிக்காரர் வாயை அடைத்தேன். ஆனால் பரீட்சை அறையில் நின்றபடி நான் போன அத்தனை தூரமும் பின்சீட்டில் உட்கார்ந்துதான் போயிருக்கிறேன். முன்னால் ஒரு முதுகு இருந்திருக்கிறது. அது இல்லாமல் உப்பளம் இல்லை.

முகம் சூடாகிவிட்டது. கடையில் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பவர்களைப் பிடிக்காது.

"ஆள் யாரும் உக்கார மாட்டாங்க. சீட்டு மேல கட்டுறதைக் கொடுங்க" என்றேன்.

வீட்டில் கட்டிப் பார்த்தேன். ஒழுங்காக நிற்கவில்லை. அவர் கீழே இறங்கி வந்தார். ஒரு பொருளை அவர் பார்ப்பதற்கு நேரமாகும். தலையை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார், டார்ச் அடித்துச் சுவரொட்டி படிக்கிற மாதிரி. பையைப் பார்த்து முடித்துவிட்டு, குனிந்து பெல்ட்டை அவிழ்த்தார்.

"நேரா கட்டாத. குறுக்குல போடு. இல்லாட்டி வளைவுல நழுவும்."

குறுக்கே போட்டு இறுக்கினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு சொன்னார். "உக்கார எடமில்ல."

"யார் உக்காரப் போறா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனார். நான் கீழேயே நின்றேன். பெல்ட் மிகச் சரியாக இறுகியிருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த ஞாயிறு அதிகாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். பைக்குள் எடைக்காகப் பத்துக் கிலோ அரிசி, போர்வை, இரண்டு தண்ணீர் பாட்டில். ஏரி மேல் பனி படுத்திருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வீடுகள் எங்கே தொடங்குகின்றன என்று தெரியவில்லை. பனிக்கு உள்ளே ஒரு நாய் குரைத்தது, அந்தக் குரலும் நனைந்திருந்தது. தோண்டிப் போட்ட சாலைகள்கூட அன்று வெள்ளைத் துணி போர்த்தித் தூங்கின. மேடவாக்கம், சோழிங்கநல்லூர், பிறகு கடற்கரைச் சாலை. வண்டி தானாகப் போகிற மாதிரி இருந்தது. நான் கைப்பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கம் சவுக்கு மரங்களின் இடைவெளியில் கடல் வந்து வந்து போனது. ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் அதிக வெளிச்சத்தோடு வந்தது.

கோவளத்தில் கடலோரம் டீ குடிக்க நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா அலுமினியத் தேக்சாவில் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் மொபெட்டில் ஐஸ் பெட்டியை டியூப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, தனியாவா வந்துகினு கீற?"

"ஆமா."

"பின்னாடி இன்னா அது, படுக்கையா?"

"பை. அரிசி இருக்கு."

"கோவளத்துக்கு அரிசியா?" அவர் மீனை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "புருசன் கீறாரா?"

"வூட்டுல" என்றேன். அந்த இடத்தில் அப்படித்தான் வந்தது.

"அய்ய. புருசன வூட்டுல வுட்டுட்டு அரிசி மூட்டைய ஊர் சுத்திக் காட்டிகினு கீற."

"சும்மா கெட" என்றார் வீட்டுக்காரர். "மூட்டைன்னா வாய தொறக்காது. வெவரமாத்தான் ஏத்திகினு வந்துகீறாங்க. நானும் யோசிக்கறேன்."

"யோசி, யோசி. மூட்டையா மீன் விக்கும் ஒனக்கு?"

டீக்கடையே சிரித்தது. சிரிப்பவர்களைப் பிடிக்காத நானும் சிரித்தேன், டீ மூக்கில் ஏறும் அளவுக்கு.

திரும்பும் வழியில் சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாகப் பை. பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் இருக்கும் ஆள் லேசாக முன்னே வருவார், ஏறும்போது பின்னே போவார். அது எனக்குத் தெரியும், இருபது வருடம் நான் அப்படிப் போய் வந்தவள். அரிசி அசையவில்லை. அத்தனை நன்றாகக் கட்டியிருந்தார். சவுக்கு மரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. அவர் இப்போது இருந்தால் கடலைப் பார்த்திருப்பாரா, தலையைத் திருப்பச் சொல்லி நான் கத்த வேண்டுமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வந்ததில் மேடவாக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

வீட்டில் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பையை மாத்தப் போறேன். ரெண்டு பக்கம் தொங்குறது. சீட்டு காலியா இருக்கும். வர்றீங்களா, இல்லையா? இப்பவே சொல்லுங்க, கடை பத்து மணிக்குத் திறப்பாங்க."

அவர் பேப்பரை மடித்தார். "நீ கேக்கவே இல்லையே."

"நீங்களும்தான் சொல்லவே இல்லையே."

"ஓட்டுறவங்கதான் கேக்கணும். நான் ஓட்டினப்போ ஒவ்வொரு தடவையும் கேட்டேன். பால் வாங்கப் போனாக்கூட வர்றியான்னு கேட்டேன்."

கேட்டார்தான். நான் சோபாவில் உட்கார்ந்தேன்.

"கௌரவக் குறைச்சல்னு நினைச்சேன்" என்றேன்.

"கௌரவமா? பயம். ஓரத்துல லாரி வந்தா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

"அதான் பயம் டீச்சரம்மா." சிரித்தார். பிறகு, "மாத்திட்டு வா. ஏறிப் பார்க்கலாம்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

கடைக்காரர் பையை முகர்ந்து பார்த்தார். "அக்கா, டேக்கை அறுத்துட்டீங்க, சரி. மீன் வாசனை வேற அடிக்குது." முனகிக்கொண்டேதான் மாற்றிக் கொடுத்தார். பை சக்கரத்துக்குள் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம் போட்டார். சைலன்சர் பக்கம் கொஞ்சம் தூக்கி மாட்டச் சொன்னார், இல்லாவிட்டால் அடிப்பாகம் உருகிவிடுமாம். கடைசியாக, "ஆள் உக்காருறாங்களா?" என்றார்.

"ஏறிப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்."

"அப்போ சைடு பட்டியை இறுக்கிக் கொடுக்கறேன். ஏறும்போது கண்டிப்பா ஒதைப்பாரு" என்றார்.

உதைத்தார். அதற்கடுத்த ஞாயிறு காலை, இரண்டு பக்கமும் பை தொங்க, காலை எப்படி வீசி ஏறுவது என்று தெரியாமல் இரண்டு முறை உதைத்தார். மூன்றாவது முறை கால்கட்டையில் ஏறி நின்று, குதிரை மேல் ஏறுவது போல் ஏறினார். பால்கனியில் மாடி வீட்டுக்காரர் இருந்தார். இந்த முறை அவர் கையை மட்டும் அசைத்தார்.

வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் சாலை. முதல் பத்து நிமிடம் என் வாழ்க்கையிலேயே மோசமான பத்து நிமிடம். "பிரேக்! பிரேக்!" என்றார். அவரே வலது காலால் கால்கட்டையை அழுத்தினார், அது வண்டி முழுக்க அதிர்ந்து எனக்குத் தெரிந்தது. "லெஃப்ட்ல பஸ்!" என்றார். லெஃப்ட்டில் பஸ் இல்லை. லெஃப்ட்டே அவருக்குத் தெரியாது.

"வாயை மூடிட்டு வாங்க. இல்லாட்டி இங்கயே இறக்கிடுவேன்."

காட்டு ஓரம் வந்தபோது பனி இன்னும் கலையவில்லை. மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க்கொண்டன. வண்டிச் சத்தம்கூடத் தூரத்தில் யாரோ ஓட்டுகிற மாதிரி கேட்டது. கால்கட்டையில் அழுத்தம் நின்று கொஞ்ச நேரமாகிறது என்று அப்போதுதான் கவனித்தேன். எப்போது நின்றது என்று தெரியாது. அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மெதுவாக வந்து முட்டியது. மறுபடி முட்டியது. கண்ணயர்ந்துவிட்டாரோ என்று பயந்து, "என்ன, தூக்கமா?" என்று கத்தினேன்.

"இல்ல. நேராதான் பார்த்துக்கிட்டு வர்றேன். உன் தோளுக்கு மேல தெரியுது" என்றார்.

நான் வேகத்தைக் குறைத்தேன். அந்தச் சாலை கொஞ்சம் நீளட்டும் என்று.

கேளம்பாக்கத்தில் டீக்கடை முன் நிறுத்தினேன். அவர் இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வலது பையைத் திறந்து ஒரு அரிசிப் பொட்டலத்தை எடுத்து இடது பையில் போட்டார். "வலது பக்கம் இழுக்குது. ஓட்டுறவங்களுக்குத் தெரியாது, பின்னாடி உக்காந்தாதான் தெரியுது" என்றார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சீட்டு ஆகாது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல எப்படி உக்காருறது? பஞ்சை மாத்து" என்றார்.

"இருபது வருஷம் நான் இதுலதான் உக்காந்தேன்."

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ஹெல்மெட்ல உங்களுக்குக் கேக்கலை."

அவர் டீயை ஊதிக் குடித்தார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"நாலரைக்கு."

"நாலரைக்கு இருட்டா இருக்கும். எனக்கு ஏற முடியாது. ஆறு."

ஆறு மணிக்குக் கிளம்பினால் மரக்காணத்துக்கு முன்பே வெயில் ஏறிவிடும், லாரிகள் எல்லாம் கிளம்பிவிடும். அது அவருக்கும் தெரியும்.

"சரி, ஆறு" என்றேன்.