புள்ளித் துண்டுக்காரன் திரும்பவில்லை

அப்படி ஒரு மட்டமான படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஐம்பத்து நாலாம் வருஷம் திருவொற்றியூர் டெண்ட் கொட்டாயில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். தலையெழுத்து, ஏழு நாளும் பார்த்தாக வேண்டியிருந்தது. அமெரிக்காக்காரன் எடுத்த குதிரைச் சண்டைப் படம். நோட்டீஸில் 'பிரம்மாண்டம்' என்று நாலு இடத்தில் போட்டிருந்தார்கள். ஒரு யுகத்தையே காட்டுகிறேன் என்று கிளம்பியவன், கடைசியில் குழாயடிச் சண்டையைக் காட்டியிருந்தான். மூன்று கொள்ளைக் கூட்டம், ஒரு கோட்டை, ஒரு ரயில், எந்தப் பக்கம் திரும்பினாலும் தொப்பி. யார் யாரைச் சுடுகிறான் என்று சுட்டவனுக்கே தெரிந்திருக்காது.

தெரிந்த ஒரே ஆள் பவுனம்மாள்.

அவள் மீனவர் குப்பத்துக்காரி, கூடை தூக்கி மீன் விற்பவள். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. கட்டுமரங்கள் கரை திரும்பும் நேரத்தில் குப்பத்துப் பெண்கள் மணலில் நின்று, தூரத்தில் பாய் தெரியத் தெரிய, அந்தந்த மரத்தில் போனவர்களின் பேரைச் சத்தமாகச் சொல்வார்கள். எல்லாரும் வந்தாச்சு என்று ஆன பிறகுதான் மீனைப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை அவள் கொட்டாய்க்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். திரையில் ஒருவன் தலையைக் காட்டினால் போதும், பெண்கள் பக்கத்திலிருந்து அவனுக்குப் பேர் வைத்துவிடுவாள். மூக்கறையன், நொண்டிக் குதிரை, வெத்தலைப் பல்லு. ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் செத்தவன் யார், இருப்பவன் யார் என்று கடகடவென ஒப்பிப்பாள். நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள், ஒருவன் தப்பமாட்டான். ஆண்கள் பக்கத்து விசிலெல்லாம் அடங்கிப்போகும். நான் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

அவள் வீட்டுக் கதை குப்பத்துக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசிப் புயலில் அவள் புருஷன் கருணாகரன் போன மரம் கவிழ்ந்தது. போனவர்கள் நாலு பேர். மூன்று பேரின் உடலைக் கடல் எண்ணூர்ப் பக்கம் ஒதுக்கியது. கருணாகரன் மட்டும் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று கொழுந்தன் மனோகரன் வந்து கெஞ்சும்போதெல்லாம், "அவரு செத்தத பாத்தவன் யாரு? இஸ்துகினு வா அவன" என்று விரட்டுவாள். தாலியைக் கழற்றவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அழுதுவிட்டால் செத்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம்.

அந்தப் படத்தின் நாலாவது ரீலில் கோட்டைக்குள் தண்ணீர் தீர்ந்துபோகும். கழுத்தில் புள்ளித் துண்டு கட்டிய ஒரு ஒல்லி ஆள், தோல் பைகளைக் குதிரையில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவுதான். படம் முடியும்வரை அவன் வரவே மாட்டான்.

முதல் நாளே பவுனம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். நாலாம் நாள் மெஷின் ஓட்டும் தண்டபாணியை மடக்கினாள்.

"இன்னா நைனா, எந்த ரீல ஒளிச்சி வச்சிகினு கீற? தண்ணிக்குப் போனவன் எங்க?"

தண்டபாணி டப்பாக்களை எல்லாம் திறந்து காட்டினான். "சத்தியமா பன்னெண்டும் கீதுக்கா. பட்த்த எட்த்தவனே அவன மறந்துட்டான். அத்தினி பேர வச்சிகினு அவன் இன்னா செய்வான்?"

"செத்தானா கீறானான்னு சொல்ல வேணாமா?"

"சொல்லலியே."

"அப்ப அவனுக்குன்னு ஒருத்தருமே அழல?"

"யாருக்கா அழுவாங்க? அவன் போனதே யாருக்கும் தெர்லியே."

பவுனம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த ரெண்டு நாள் அவளைக் காணோம்.

ஏழாம் நாள், கடைசி ஆட்டத்துக்கு வந்தாள். யாருக்கும் பேர் வைக்கவில்லை. கடைசிச் சண்டை ஆரம்பித்து, துப்பாக்கிகள் வெடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது தலைமுடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணிக்குப் போன ராசா, தாகத்தோட நின்னுட்டியா? வாசல்ல திரும்பிப் பாத்தியே, வார்த்த ஒண்ணு சொல்லலியே!"

சிலர் சிரித்தார்கள். ஒப்பாரியின் அடுத்த அடியைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐப்பசிக் காத்துல போனவனே, மூணு வருசம் ஒனக்கு அழாம வச்சிட்டேனே, பாவி!"

பக்கத்தில் இருந்த கெங்கம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டு குரல் கொடுத்தாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் அழுதது. திரையில் ஐம்பது பேர் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவ்வளவு பெரிய ஒன்றை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மனோகரன் வீட்டுக்குப் போய், "நாள் பாருப்பா" என்றாள்.

காரியத்துக்கு நானும் போயிருந்தேன். கடற்கரையில் படையல் போட்டு, இலைக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு சொம்பும் வைத்தாள்.

"இது யாருக்கு அண்ணி?" என்று மனோகரன் கேட்டான்.

"தண்ணிக்குப் போனானே, அவனுக்கு" என்றாள்.