அதட்டாத மேஸ்திரி, எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நினைவு மலருக்கு அக்கா மகள் கேட்டதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கிளியனூர். மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டார். கணவர் சீக்கிரம் காலமானார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உப்பளத்தில் கூடை சுமந்தார். பல வருடம் கழித்து முதலாளி அவரை மேஸ்திரி ஆக்கினார். எங்கள் உப்பளத்தில் அதற்கு முன் பெண் மேஸ்திரி கிடையாது. "ரெண்டு மாசம் தாங்காது" என்று ஆண்கள் சொன்னார்கள்.

நானும் அங்கேதான் வேலை செய்தேன். மேஸ்திரி ஆன அந்தக் கோடையில் ஒரு நாள் அக்கா எட்டுப் பாத்திகளை என் பொறுப்பில் விட்டிருந்தார். மேகம் கூடிவிட்டது. மழைக்கு முன் உப்பை வாரிக் குவித்து மூட வேண்டும். கரைந்தால் அக்காவின் மேஸ்திரி வேலை போய்விடும். அந்தப் பயத்தில், வாரிக்கொண்டிருந்த பெண்களிடம் கத்தினேன்.

சகுந்தலா என்பவர் வாரிய உப்பில் சேறு வந்தது. வாரும் பலகையை அழுத்தினால் அடிச்சேறு கிளம்பும்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? உப்ப வாரச் சொன்னா சேத்த வார்றே!" என்றேன்.

"நீங்களே வாருங்க தம்பி, வெள்ளையா வரும்" என்றது ஒரு குரல். பதினோரு பெண்களும் கூடையைக் கவிழ்த்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். கூடை கவிழ்ந்தால் வேலை நின்றது என்று அர்த்தம்.

அக்கா ஓடி வந்தார். யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"டேய், அவ ஏன் அழுத்துறான்னு கேட்டியா?"

"இல்லக்கா."

"இப்போ கேளு."

"மழை வருதுக்கா."

"திட்டுறப்போ வரலையா? எல்லார் எதிர்லயும்தானே திட்டுனே. எல்லார் எதிர்லயும் கேளு."

கேட்டேன். சகுந்தலா காலைக் காட்டினார். உள்ளங்காலில் கிளிஞ்சல் வெட்டி, உப்புத் தண்ணீரில் வெளுத்துப் பிளந்திருந்தது. ஊன்ற முடியாமல் பலகையில் சாய்ந்தபடி வாரியிருக்கிறார்.

"தப்புதாம்மா" என்றேன்.

அக்கா அவரை உட்கார வைத்துவிட்டு, அவருடைய பலகையை என் கையில் கொடுத்தார்.

"அழுத்தாதீங்க தம்பி, சேறு வரும்" என்றார் சகுந்தலா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். கடைசிக் குவியலைத் தார்ப்பாயால் மூடும்போது தூறல் விழுந்தது.

அதன் பிறகு அக்கா பதினெட்டு வருடம் மேஸ்திரியாக இருந்தார். அவருடைய பேச்சு பொறுக்காமல் வேலையை விட்டு நின்றவர் ஒருவரும் இல்லை.

அக்கா மகள் சென்னையில் ஆபீஸ் வேலையில் இருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் டிரெயினிங் கொடுத்தார்களாம். "எதிராளி சொல்றத முதல்ல கேக்கணும்னாங்க மாமா. அம்மா எந்த கிளாஸுக்குப் போனாங்க?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசி ஆறு மாதம் அக்கா சிறுநீரகம் பழுதாகிப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தன் வலியைச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் சாப்பிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், முறை வைத்து உடனிருந்தவர்களுக்கும், கடைசிக் காரியத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அன்று மழைக்கு முன் எழுந்து வந்த அந்தப் பெண்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை. இத்தனை வருடமும் சொல்லவில்லை. இப்போது எல்லார் எதிரிலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி